தாம்பாளத்தில் ஏறிய ஒன்று

ஜவஹர் என் மதினி சரோஜாதேவியின் தம்பி. மதினி என்றால் என் மூத்த அண்ணன் பெண்டாட்டி. அவள் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். நடுவில் உள்ள மூன்று பேரும் அவளுக்குப் பயந்து தூத்துக்குடி, திருப்பூர், மஸ்கட் என்று ஆளுக்கொரு திசையில் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். கடைக்குட்டி ஜவஹர் மட்டும் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தியாகராய நகருக்கே வந்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அதில் நாற்பத்து நாலு வருஷம் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக்கடை வாசலில், ஒரு இரும்பு ஸ்டூலில் கழிந்திருக்கிறது.

தொழில், எவர்சில்வரில் பெயர் வெட்டுவது. கொடுத்த தம்ளர் தன்னிடமே திரும்பி வரும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களுக்குக் கிடையாது. சொந்த நாத்தனார் வீட்டுக்கு ரசம் கொடுத்தனுப்பினாலும் தூக்கில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பாசத்தை வைத்துத்தான் ஜவஹர் ஒரு வீட்டை நடத்தினான்.

படிப்பு ஒன்பதாவது பெயில். அதுவும் கணக்கில். ஒன்றை ஏழால் வகுத்து இரண்டு தசமத்துக்குச் சொல் என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். இவன் அது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவேன் என்று உட்கார்ந்துவிட்டான். அது முடியவில்லை, பரீட்சை முடிந்துவிட்டது. விடைத்தாளில் வாத்தியார் "போதும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதோடு படிப்பும் போதும் என்று மதினி அவனை ரயில் ஏற்றிக் கூட்டி வந்து பாத்திரக்கடையில் சேர்த்துவிட்டாள்.

கல்யாணமும் அந்த ஸ்டூலில்தான் நடந்தது என்று சொல்லலாம். சாத்தான்குளத்திலிருந்து ஒருத்தர் மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்தார். மாப்பிள்ளை இன்னும் முடிவாகவில்லை, பாத்திரம் முடிவாகிவிட்டது. அவ்வளவு முன்யோசனை. "தங்கபுஷ்பம்" என்று முப்பத்திரண்டு பாத்திரத்திலும் ஜவஹர் வெட்டினான். அரை நாள் ஆனது. அந்த அரை நாளில் அவர் இவன் குலம் கோத்திரம், மதினியின் விலாசம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். மூன்றாம் மாதம் அந்த முப்பத்திரண்டு பாத்திரமும் இவன் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. தான் வெட்டிய பெயரையே கட்டிக்கொண்டவன் எங்கள் வகையறாவில் இவன் ஒருத்தன்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அந்த எண் வந்து சேர்ந்தது ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு மார்கழியில். ஏதோ ஒரு ஆபீசில் வேலை பார்க்கும் பதினேழு பேர், ஓய்வு பெறப்போகும் மேலதிகாரிக்குப் பெரிய தாம்பாளம் ஒன்று வாங்கினார்கள். விளிம்பைச் சுற்றிப் பதினேழு பெயரும் சம இடைவெளியில் வர வேண்டுமாம். ஒருத்தர் பெயருக்கு இடம் கொஞ்சம் கூடினால் மற்ற பதினாறு பேரும் ஒரு வருஷம் பேசிக்கொள்ள மாட்டார்கள், அரசாங்க ஆபீஸ் அல்லவா. வேறு எவனாக இருந்தாலும் ஒரு நூலை விளிம்பில் சுற்றி, மடித்து, வேலையை முடித்திருப்பான். ஜவஹர் விளிம்பு மொத்தத்தையும் ஒன்று என்று வைத்துக்கொண்டு பதினேழால் வகுத்தான். கால்குலேட்டர் 0.0588235 என்று சொல்லிவிட்டு நின்றது. இவன் நிற்பானா? குக்கர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பின்பக்கத்தில் கையாலேயே வகுக்க ஆரம்பித்தான்.

பதினாறு இலக்கம் போனதும் மீதி மறுபடி ஒன்று என்று வந்து நின்றது. புறப்பட்ட இடமே அந்த ஒன்றுதான். இனி எத்தனை வகுத்தாலும் அதே பதினாறும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். எண் இதுதான்: 0588235294117647.

எனக்குக் கணக்கு காய்கறிக்கடையோடு சரி. ஆனாலும் அவன் சொன்னதை நானே எழுதிப் பார்த்ததால் சொல்கிறேன். இந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 1176470588235294 வருகிறது. புது எண் மாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால் அதே பதினாறு இலக்கம், அதே வரிசை, கிளம்புகிற இடம் மட்டும் வேறு. கோயிலில் நவக்கிரகம் சுற்றுகிறவர்கள் மாதிரி. யார் முதலில் நம் எதிரே வருகிறார் என்பது மாறும், யாருக்குப் பின்னால் யார் என்பது மாறாது. மூன்று, நாலு, ஐந்து என்று பதினாறு வரைக்கும் எதனால் பெருக்கினாலும் இதே சுற்றல்தான். பதினேழால் மட்டும் பெருக்கக்கூடாது. பெருக்கினால் அத்தனையும் அழிந்து பதினாறு ஒன்பதுகளாகிவிடும். ஜவஹர் பதினேழு என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வான்.

அந்த மேலதிகாரி தட்டு கைக்கு வராமலேயே ஓய்வு பெற்றார். ஜவஹருக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. அன்றிலிருந்து அவன் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. அதிகம் மாட்டியவர், அதே வாசலில் குக்கரும் மிக்ஸியும் ரிப்பேர் செய்கிற ஷரஃபுதீன் பாய்.

"பாய், எதால பெருக்கணும், சொல்லு."

"இன்னா நைனா, போணி ஆவறதுக்குள்ள ஆரம்பிச்சிக்கினியா? அஞ்சு. சீக்கிரம் சொல்லிட்டு ஆள வுடு."

"ரெண்டு ஒம்பது நாலு ஒண்ணு…"

"சுத்திக்கினு வரும், தெரியும் நைனா. ஒம்போது வருசமா சுத்திக்கினுதான் கீது. என் தலையும் சேந்து சுத்துது. அந்த கேஸ்கட்ட எடு."

போன தை மாதம் ஜவஹரின் மகள் தீபிகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஆனந்தகுமார் அவள் ஆபீஸ்தான். இருவரும் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால், பெண் பார்க்க வந்தது பையனின் அப்பா மட்டும்தான் என்று சொல்ல வேண்டும். அவர் பெயர் நெடுஞ்செழியன். அடையாறில் வீடு. தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் கூட்டியதையே திரும்பக் கூட்டிப் பார்த்து முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர். தங்கபுஷ்பம் வைத்த கேசரியில் இருந்த முந்திரியைக்கூட அவர் எண்ணித்தான் சாப்பிட்டார் என்று மதினி சத்தியம் செய்கிறாள்.

பெண் பிடித்திருந்தது. பூஜை அறை, தண்ணீர் வருகிற நேரம், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி எல்லாவற்றையும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு விஷயம், சம்மந்தி. தப்பா நினைக்கக் கூடாது. என்கூட வேலை பார்த்தவங்க எல்லாம் பாத்திரம் வாங்க அங்கேதான் வர்றாங்க. நீங்க வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டிருந்தா… எனக்கு ஒண்ணுமில்ல. அவங்கதான் ஒரு மாதிரி பேசுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அதை விட்டுடுங்களேன். பத்திரிகையில 'வியாபாரம்'னு போட்டுக்கலாம்."

தங்கபுஷ்பம் ஜவஹர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலை எடுத்துவிட்டால் அந்த ஆளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். மகள் கண்ணில் தண்ணீர் வேறு. மதினி ஒருத்திதான் தெளிவாக இருந்தாள்.

"அதுக்கென்ன, விட்டுருவான். ஏ ஜவஹரு, சொல்லேம்ல!"

ஜவஹர் சொன்னான். ஆனால் அவள் எதிர்பார்த்ததை அல்ல. "சார், எங்கிட்ட ஒரு நம்பர் இருக்கு."

அவர் போன் நம்பரோ என்று பையில் பேனாவைத் தேடினார். இவன் பதினாறு இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்து, அது சுற்றுகிற கதையை விளக்கினான். பெண் பார்க்க வந்த இடத்தில் பெருக்கல் நடந்தது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

"முப்பத்தாறு வருஷம் நம்பரோடயே குடித்தனம் பண்ணினவன் நான். இப்படி ஒண்ணு என் டேபிளுக்கு வந்ததே இல்லையே" என்றார் நெடுஞ்செழியன்.

"நீங்க கூட்டித்தானே பாப்பீங்க சார். இதைப் பெருக்கணும்."

தங்கபுஷ்பம் கேசரித் தட்டை நழுவவிடப் பார்த்தாள். நெடுஞ்செழியன் மெதுவாகச் சிரித்தார். மரியாதைக்கு வருகிற சிரிப்பு இல்லை.

"சரி சம்மந்தி. அதை ஒரு தட்டுல வெட்டி நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டாங்க. எல்லார் முன்னாடியும் என் கையால பெருக்கறேன். எதால பெருக்கறதுன்னு நான்தான் சொல்வேன். நீங்க சொன்ன மாதிரி வந்தா, தாராளமா ஸ்டூல்ல உக்காருங்க, பத்திரிகையிலேயே போட்டுக்கலாம். வரலைன்னா அந்தத் தட்டுதான் உங்க கடைசி வேலை. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் ஜவஹர். யாரைக் கேட்டுச் சொன்னான் என்று மதினி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தாம்பாளத்தைப் பத்து நாள் வெட்டினான். விளிம்பு முழுக்கச் சுற்றி வருகிற மாதிரி பதினாறு இலக்கம். ஆரம்பமும் முடிவும் இல்லை, எங்கே தொட்டாலும் அங்கிருந்து ஒரு பெருக்கல் கிளம்பும். கோபுரத்தை வெட்டச் சொன்னாலும் அரை மணியில் முடிக்கிறவன், ஒரு எட்டுக்கு ஒரு காலை நேரம் எடுத்துக்கொண்டான். முடிந்ததும் துணியில் சுற்றிக் கடையிலேயே வைத்துவிட்டு, பழக்கூடை வாங்கப் போனான். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அது.

அந்த நேரம் பார்த்து மதினி கடைக்கு வந்தாள். துணியைப் பிரித்தாள். எண்ணினாள்.

"என்ன பாய் இது, பதினாறுல நிக்கி! சீர்த் தட்டுல ரெட்டைப்படை வைக்கலாமா? வரிசைத் தட்டே பதினொண்ணு, இருவத்தொண்ணுன்னுதானே எடுக்கோம்?"

"அது அவுரு நம்பருக்கா. அப்டித்தான் இருக்குமாம்."

"அதுலயும் உச்சியில முட்டையை வச்சு ஆரம்பிச்சிருக்கான். மொய் எழுதுனாக்கூட முட்டையில நிறுத்தாம மேல ஒண்ணு வைக்கோம். பிள்ளைக்கு நிச்சயம் பண்ற தட்டு, தலையில முட்டையா? இந்தா, அந்த முட்டைக்கு முன்னால ஒரு ஒண்ணைப் போடு."

"யக்கா, அவுரு பத்து நாளா வெட்டினது. நான் கை வெச்சா என்னை வெட்டிடுவாரு."

"அவனுக்கு நான் அக்காவா, நீ அக்காவா? அவன்தான் போடச் சொல்லி அனுப்புனான். ஒரு கோடுதானே, போடு."

மதினி சொல்லி, செய்யாமல் பிழைத்தவர்கள் தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் மஸ்கட்டிலும்தான் இருக்கிறார்கள். பாய் அந்த வாசலில் இருந்தார். ஜவஹரின் பெயர் வெட்டும் மெஷினை எடுத்து, ஏழுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். ஒன்று ஏறிவிட்டது. மதினி அதன் மேல் கொஞ்சம் குங்குமமும் வைத்து, தட்டை மறுபடி துணியில் சுற்றிவிட்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம். லக்னப் பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றுகிற நேரம். நெடுஞ்செழியன் சட்டைப் பையிலிருந்து நாலு பேனாவும், கையிடுக்கிலிருந்து கோடு போட்ட நீளத் தாளும் எடுத்தார். மனிதர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை ஆனந்தகுமார் போனில் போடலாம் என்று, தீபிகாவிடம் கேட்டு வைத்திருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தான். போன் ஏழெட்டு இலக்கம் காட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பதில் ஏதோ ஒரு ஆங்கில எழுத்தைப் போட்டு நின்றுவிட்டது.

"போனெல்லாம் ரவுண்ட் பண்ணிடும்டா. கையால போட்டாத்தான் கணக்கு" என்றார் அவர்.

ஜவஹர் துணியைப் பிரித்தான். பிரித்த கை அப்படியே நின்றது. உச்சியில், குங்குமத்துக்குக் கீழே, அவன் வெட்டாத ஒரு ஒன்று.

அவன் முகத்தைப் பார்த்துத் தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். எவர்சில்வரில் வெட்டியதை அழிக்க வழி கிடையாது என்பது அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

"இதுல… ஒரு ஒண்ணு கூட இருக்கு" என்றான்.

"நாந்தான் போடச் சொன்னேன்" என்றாள் மதினி, எல்லாருக்கும் கேட்கும்படி. "முட்டையில ஆரம்பிச்சிருந்தான். நீங்களே சொல்லுங்க, நல்லாவா இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பாய் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் பெருக்குங்க, சம்மந்தி" என்றான் ஜவஹர்.

நெடுஞ்செழியனுக்கு இதைவிடச் சந்தோஷமான வேளை பணிக்காலத்திலேயே வந்திருக்காது. "அதெப்படி? பிடிக்காத நம்பரை விட்டுட்டுக் கணக்குப் பார்க்கலாம்னா, நான் முப்பத்தாறு வருஷம் எதுக்கு வேலை பார்த்தேன்? தட்டுல உள்ளது உள்ளபடி. பதினேழு இலக்கம். எழுதிக்கிறேன்."

10588235294117647 என்று எழுதினார். முகூர்த்தத் தேதி ஏழு என்பதால் ஏழால் பெருக்கினார். மண்டபத்தில் டிபன் பந்தி ஆறியது. அவர் பெருக்கி, திரும்பப் பெருக்கி, பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுப் படித்தார்: 74117647058823529.

பிறகு தட்டைத் திருப்பித் திருப்பித் தேடினார். "ஏழு, நாலு… ஏழுக்குப் பின்னால நாலு எங்கேயும் இல்லையே சம்மந்தி. ஏழுக்குப் பின்னால ஒரு இடத்துல ஆறு இருக்கு, இன்னொரு இடத்துல ஒண்ணு இருக்கு. வரலை."

தாளை மடித்தார். தீபிகா அப்பாவைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருஷத்து ஸ்டூல் அந்த மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஜவஹர் மட்டும் அந்தத் தாளில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. "சம்மந்தி, அந்தத் தாளை விரிங்க" என்றான். விரித்தார். இவன் தாளில் இருந்த முதல் ஏழின் மேல் இடது கட்டைவிரலை வைத்தான். தட்டில் புதிதாக ஏறிய ஒன்றின் மேல் வலது கட்டைவிரலை வைத்தான். "இப்ப படிங்க. தட்டுல அந்த ஒம்பதுக்கு அடுத்த நாலுலேருந்து."

"நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, ஆறு, நாலு, ஏழு…" நெடுஞ்செழியன் தட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "பூஜ்யம், அஞ்சு, எட்டு, எட்டு…" குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி ஒன்பது வரை ஒரு இலக்கம் பிசகவில்லை.

"வந்திருக்கு" என்றார். உடனே தணிக்கை அதிகாரி விழித்துக்கொண்டார். "ஆனா முன்னால ஒரு ஏழு நிக்குதே. அது என்ன கணக்கு?"

"நீங்க எதால பெருக்கினீங்க?"

"ஏழால."

அவரே சொல்லிவிட்டு அவரே வாயைப் பிளந்தார். பேனாவை மாற்றினார். மூன்றால் பெருக்கினார். 31764705882352941. முன்னால் மூன்று வந்து நின்று தன் பெயரைச் சொன்னது, பின்னால் பதினாறும் சுற்றிக்கொண்டு வந்தன. பன்னிரண்டால் பெருக்கினார். முன்னால் பன்னிரண்டு. அந்த ஒன்று இருக்கிறதே, அது மற்ற பதினாறின் வழிக்கே போகவில்லை. எதனால் பெருக்கினார்கள் என்று வாசலில் நின்று கத்துகிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு இடத்தில் நுழைந்து எதையும் கெடுக்காமல் சத்தம் மட்டும் போட்டது மதினியின் வாழ்க்கையில் இது ஒரு தடவைதான்.

"அய்யய்ய, இன்னா நைனா இது! நம்பரே பேசுது!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து பாய் வந்தார். "அந்த ஒண்ணு நாந்தான் வெட்டினேன்!"

"சொன்னது யாரு?" என்றாள் மதினி.

ஜவஹர் ஒன்பது வருஷமாக அந்த எண்ணோடு குடும்பம் நடத்தியவன். தலையில் ஒரு ஒன்றை வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. அதை மட்டும் அவன் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை, என்னிடம் ஒரு தடவை சொன்னான்.

தட்டு மாற்றினார்கள். டிபனும் சாப்பிட்டார்கள், கல்லாய்ப் போன வடையோடு. நெடுஞ்செழியன் இலையில் உட்கார்ந்தபடியே ஒன்பதால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கு அந்தச் சந்தில் அவரே வந்து நின்றார். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டுச் சட்டை கசங்கியிருந்தது. பாய் தன் ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தார். அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் எத்தனை பேர் அந்த வழியாகப் போனார்களோ, கையிலிருந்த தாளை விட்டு அவர் தலை நிமிரவே இல்லை.

"சம்மந்தி, பதினாறு வரைக்கும் முடிச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு. ராத்திரி பதினேழும் போட்டேன்."

ஜவஹர் பெயர் வெட்டுவதை நிறுத்தினான். "அதைப் போடலாமா, சம்மந்தி?"

"முன்னால பதினேழுன்னு நிக்குது. பின்னால பதினாறும் ஒன்பதாப் போச்சு. எனக்குத் தூக்கமே வரலை."

"அதான் நான் சொல்றதே இல்ல" என்றான் ஜவஹர், குரலைத் தாழ்த்தி.

கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குக் கீழே "பாத்திரங்களில் பெயர் வெட்டுபவர், தியாகராய நகர்" என்று அச்சாகி வந்தது. நெடுஞ்செழியன்தான் பிழை திருத்தினார், இரண்டு தடவை.

மதினி சும்மா இருப்பாளா? அந்த ஒன்று தன் யோசனை என்பதால் தாம்பாளத்தின் பின்பக்கத்தில் தன் பெயரை வெட்டியே ஆக வேண்டும் என்று நின்றாள். ஜவஹர் மறுபேச்சு பேசாமல் வெட்டிக் கொடுத்தான். "சரோஜாதேவி" என்று, முத்து முத்தாக. பெயருக்கு முன்னால் சின்னதாக, உருண்டையாக ஒரு வட்டம்.

"இது என்னலே?"

"பூ டிசைன், அக்கா."

மதினி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள்.